மணி அடிக்கும் முன் வரும் காகங்கள்

வெள்ளவத்தையில் கடலும் ரயிலும் ஏறக்குறைய ஒரே குரலில் பேசுகின்றன. முதல் நாள் விடியற்காலை, அலை இப்படிக்கூடத் தடதடக்குமா என்று அரைத்தூக்கத்தில் யோசித்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எழுந்து திரையை விலக்கினால் தண்டவாளம், அதற்கு அப்பால் கறுப்புப் பாறைகள், அதற்கும் அப்பால் சாம்பல் நிறத்தில் தண்ணீர். கோயம்புத்தூரில் வளர்ந்தவளுக்குக் கடல் என்பது மூட்டை கட்டிக்கொண்டு போய்ப் பார்க்கிற பொருள். இங்கே அது பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி சமையலறைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது.

நான் வந்தது வேலைக்காக. கொட்டாஞ்சேனையில் உள்ள ஒரு தனியார் பள்ளி, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மீத்திறன் மிக்க பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு பாடத்திட்டம் வேண்டும் என்று கேட்டிருந்தது. ‘மீத்திறன்’ என்ற சொல்லையே இங்கே வந்துதான் கற்றேன். நம் ஊரில் ‘பிரில்லியன்ட் பசங்க’ என்று சொல்லி முடித்துவிடுவோம். பாடத்திட்டம் எழுதுவது என் தொழில். கையில் ஒரு திட்டத்தோடுதான் விமானம் ஏறினேன்: இரண்டு வருடப் பாடத்தை ஒரே வருடத்தில் முடிப்பது. ஒரு வாரம் சில பிள்ளைகளுக்கு நடத்திக் காட்டி, அதிபரின் சம்மதத்தை வாங்கிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டும். அதிபர் என்றால் இங்கே தலைமையாசிரியர்.

தங்கியது யசோதா மிஸ் வீட்டில். பள்ளியில் இந்த வகுப்புகளுக்குப் பொறுப்பாளர். யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளவத்தையின் இந்த அடுக்குமாடியில் தனியாக இருக்கிறார். காலையில் இடியப்பத்தை அடுக்கி, சொதி என்கிற மஞ்சள் தேங்காய்ப்பால் குழம்பை ஊற்றி, தேங்காய்ச் சம்பல் வைத்துவிட்டு, “காணுமோ?” என்றார். எதைக் காணோம் என்று நான் மேசையைச் சுற்றிப் பார்த்தேன். அவர் சிரித்தார். “போதுமோ எண்டு கேட்டனான்.” அதற்குள் இன்னும் இரண்டு இடியப்பம் தட்டில் விழுந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஊரைக் காட்டக் கரையோர ரயிலில் அழைத்துப் போனார். கதவு மூடாத ரயில். கால் வைக்கும் படிக்குக் கீழே கடல் நுரைத்தது. எதிரில் ஒரு சின்னப் பெண் தகப்பன் மடியில் உட்கார்ந்து சிங்களத்தில் ஏதோ வாதாடிக்கொண்டிருந்தது. யசோதா மிஸ் என் காதோரம் மொழிபெயர்த்தார்: “கடல் எங்களோட சேர்ந்து ஓடி வருது எண்டு பிள்ளை சொல்லுது. இல்லை மகள், நாங்கள்தான் ஓடுறம் எண்டு தகப்பன் சொல்லுறார். அப்ப ஏன் எனக்குக் கால் நோகேல்லை எண்டு பிள்ளை கேக்குது.” தகப்பன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். எனக்கும் அந்தப் பயணம் முழுக்க, நாங்கள் நிற்கிறோம், தென்னைகளும் பழைய சுவர்களும்தான் எங்களைத் தாண்டிப் போகின்றன என்றே இருந்தது.

திரும்பி வந்தபோது காலி வீதியில் மாலை வெளிச்சம். புடவைக் கடைகளுக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்கும் நடுவே, மாடிப்படிகளிலிருந்து பிள்ளைகள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். எல்லார் முதுகிலும் பை. ஞாயிற்றுக்கிழமை டியூஷன்.

“அஞ்சாம் வகுப்பில ஸ்கொலர்ஷிப் சோதினை. பிறகு பதினொண்டில ஓ-லெவல்,” என்றார் யசோதா மிஸ். “ரெண்டுக்கும் நடுவில பிள்ளையள் வளருது. குரல் மாறுது, முகம் மாறுது, கோவம் வருது. அதைப் பார்க்க ஒருத்தருக்கும் நேரமில்லை.”

என் திட்டத்திலும் அதற்கு இடமில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

திங்கட்கிழமை யசோதா மிஸ் விடியுமுன்பே கிளம்பிவிட்டார். புறக்கோட்டையில் பஸ் மாறினால் கொட்டாஞ்சேனை என்று சொல்லியிருந்தார். மாறினேன். கண்டக்டர் ஊர்ப்பெயர்களை ஒரே மூச்சில் பாட்டு மாதிரி இழுத்துச் சொன்னார். அந்தத் தாலாட்டில் கண் சொக்கிவிட்டது. விழித்தபோது பஸ் ஓர் ஆற்றைக் கடந்துகொண்டிருந்தது. வரைபடத்தில் பள்ளிக்கும் எனக்கும் நடுவே ஆறு எதுவும் இல்லை. பதறி இறங்கினால் பேலியகொடை. மீன்பெட்டிகள் ஏற்றிய லாரியிலிருந்து ஐஸ் தண்ணீர் வழிந்து என் செருப்பையும் புடவை விளிம்பையும் நனைத்தது. யாரோ என்னை “அக்கே” என்று கூப்பிட்டு, என் கையிலிருந்த பள்ளி விலாசத்தைப் பார்த்து, ஓர் ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவைத்தார்கள். அதே ஆற்றைத் திரும்பவும் கடந்தேன்.

வகுப்பில் நுழைந்ததும் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பின்வரிசையில் ஒருவன், “மிஸ் சந்தைக்குப் போயிட்டு வாறாவோ?” என்றான். நான் நடந்ததைச் சொன்னேன். வகுப்பே சிரித்தது. முன்வரிசையில் ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. இரட்டைப் பின்னல், நேராக அடுக்கிய பேனாக்கள். “மிஸ், பாடம் தொடங்கலாமோ?” என்றாள்.

அவள்தான் ஆரபி. ஏழாம் வகுப்பு. நான் கொண்டுபோயிருந்த ஒன்பதாம் வகுப்புக் கணக்குகளை, மற்றவர்கள் பெயர் எழுதி முடிப்பதற்குள் போட்டுவிட்டாள். ஒன்றில்கூடப் பிழை இல்லை. திருத்திக் கொடுத்த தாளை வாங்கி, சரி என்ற குறிகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். இவளுக்காகத்தான் என் திட்டமே என்று எனக்குள் ஒரு பூரிப்பு.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் ஜன்னல் பக்கம் நிழலாடியது. பள்ளி மதில் மேல் காகங்கள் வரிசையாக வந்து உட்கார்ந்திருந்தன. விஞ்ஞானம் நடத்தும் ரிஸ்வான் சேர் வாசலில் எட்டிப் பார்த்தார். பள்ளிக்குப் பக்கத்திலேயே வீடுள்ள மனிதர். எதையும் பகிடியாகத்தான் சொல்வார். “மீன் வாசத்துக்கு உங்களத் தேடித்தான் வந்திருக்கு, மிஸ்.”

“இல்லை சேர், அதுகள் ஒவ்வொரு நாளும் வரும்,” என்றான் பின்வரிசைப் பையன். “எங்கட சாப்பாட்டுக்கு. மணி அடிக்க முன்னமே வந்திரும்.”

அவன் சொல்லி வாய் மூடவும் மணி அடித்தது. நான் மதிலையே பார்த்துக்கொண்டு நின்றேன். எப்படித் தெரிகிறது அவற்றுக்கு?

அன்று பின்னேரம் முழுக்க அந்தக் கேள்வி என்னைவிட்டுப் போகவில்லை. மறுநாள் கணக்குத்தாளை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு அதையே வகுப்பில் கேட்டேன். மணி அடிக்கும் முன்பே காகங்களுக்கு எப்படித் தெரிகிறது? தெரிந்துகொள்ள நாம் என்ன செய்யலாம்? யோசித்து எழுதுங்கள்.

வகுப்பு கலைந்த தேன்கூடு மாதிரி ஆனது. வெயில் மதிலில் விழும் இடத்தை வைத்து, சாப்பாட்டு வாசத்தை வைத்து, முதலில் ஒரு காகம் வந்து மற்றவற்றைக் கூப்பிடுகிறது என்று ஆளுக்கொன்று. மணியை ஒருநாள் முன்கூட்டி அடித்துப் பார்ப்போம் என்றது ஒரு குழு. ரிஸ்வான் சேர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

ஆரபியின் தாள் வெறுமையாக இருந்தது. பேனாவின் மூடியைக் கழற்றவே இல்லை. நான் பக்கத்தில் போனபோது தாளைக் கையால் மறைத்தாள். உதடு வெளிறியிருந்தது. “நாளைக்குத் தரலாம்,” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு நகர்ந்தேன். அதுவே அவளுக்குப் பெரிய அடி என்று எனக்கு விளங்கவில்லை.

பள்ளி விட்டு நானும் யசோதா மிஸ்ஸும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி வந்தது. ஆரபியின் தாய் கௌரி, வங்கியிலிருந்து. பிள்ளை டியூஷனுக்கு வரவில்லையாம். பள்ளி வேன் சாரதியைக் கேட்டால், இன்றைக்கு அம்மா வந்து கூட்டிப்போவதாக ஆரபியே சொன்னாள் என்கிறார்.

யசோதா மிஸ் கோப்பையை வைத்துவிட்டு ரிஸ்வான் சேரைக் கூப்பிட்டார். ரிஸ்வான் சேர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனார். கோயில், தேவாலயம், புத்தகக் கடை. தூறல் பிடித்தது. “நீங்கள் வெள்ளவத்தைக்குப் போங்கோ. அவையின்ர வீடு எங்கட ஒழுங்கைக்குப் பக்கத்து ஒழுங்கைதான். பிள்ளை அங்கால வந்தாலும் வரும்,” என்றார் யசோதா மிஸ்.

வெள்ளவத்தை ரயிலில் நின்ற நேரம் எனக்கு இன்னும் முழுதாக நினைவில்லை. ஈரக் காற்று. கடலும் வானமும் ஒரே நிறம். ஒவ்வொரு நிலையத்திலும் வெள்ளைச் சீருடைகள் தெரிந்தன. ஒவ்வொன்றும் அவளாக இருந்து, கிட்ட வந்ததும் வேறொருத்தியாக மாறியது. பன்னிரண்டு வயது. இந்த நகரத்தில் தனியாகப் பஸ்ஸில் ஏறியே பழகாத பிள்ளை. என் ஒரு கேள்வியால்.

எங்கள் ஒழுங்கையின், அதாவது சந்தின், கடைசியில், தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் இருந்த குட்டைச் சுவரில் அவள் உட்கார்ந்திருந்தாள். பை மடியில். பின்னல் நனைந்திருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள், வகுப்பில் எழுந்து நிற்பதுபோல.

முதலில் யசோதா மிஸ்ஸுக்குப் போனில் சொன்னேன். பிறகுதான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“பஸ்ஸில வந்தனான்,” என்றாள். “நீங்கள் யசோதா மிஸ் வீட்டில நிக்கிறது தெரியும். உங்களோட தனியக் கதைக்க வேணும். மிஸ், விடை என்ன? எனக்கு மட்டும் சொல்லுங்கோ. நான் ஆருக்கும் சொல்ல மாட்டன்.”

“எனக்குத் தெரியாது கண்ணு.”

“நீங்கள் எங்களைச் சோதிக்கிறீங்கள்.”

“இல்ல. நிஜமாவே தெரியாது.”

“தெரியாட்டி ஏன் கேட்டனீங்கள்?”

“தெரியாததாலதான் கேட்டேன்.”

இப்படி ஒரு பதில் உலகத்தில் இருக்க முடியும் என்று அவள் நினைத்ததே இல்லை போலிருந்தது. என் முகத்தை நெடுநேரம் பார்த்தாள், பொய்யைத் தேடுகிறவள் மாதிரி. ரயில் ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. அது போன பிறகு, “தெரியாது எண்டு எழுதினா எத்தினை மார்க்ஸ்?” என்றாள்.

“மார்க்கே இல்ல இதுக்கு.”

“பிழையா எழுதினா?”

“பிழையா இருக்கலாம். அப்புறம் வேற மாதிரி யோசிக்கலாம்.”

அவள் அழத் தொடங்கினாள். சத்தமில்லாத, தோள் மட்டும் குலுங்கும் அழுகை. ஒன்பதாம் வகுப்புக் கணக்கை விளையாட்டாகப் போடுகிற மூளை. அதற்குள் ஒரு சிறு பிள்ளை, ஒரு தடவை தவறினால் தன்னை யாருக்கும் பிடிக்காமல் போய்விடும் என்று பயந்துகொண்டு. “நான் பிழை விட்டு அம்மா பாத்ததே இல்லை, மிஸ். எப்பவும் சரியாத்தான் செய்திருக்கிறன். இனி எப்பிடி…” என்று நிறுத்தினாள்.

கௌரி அலுவலகச் சேலையில், செருப்பைக் கையில் பிடித்தபடி ஒழுங்கையில் ஓடி வந்தார். மகளை இறுக்கிப் பிடித்தார். தலையைத் துடைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“இது என்ன வகுப்பு மிஸ்? பிள்ளையைத் தெருவில அலைய விடுற வகுப்போ? காகத்தைப் பற்றிப் படிக்கவோ நாங்கள் இவ்வளவு கஷ்டப்படுறம்?”

மன்னிப்புக் கேட்டேன். அது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. மகளின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார்.

புதன்கிழமை அதிபர் சுருக்கமாகப் பேசினார். மரியாதையானவர். குரலை உயர்த்தவில்லை. “வகுப்பை இப்போதைக்கு நிப்பாட்டுவம். வெள்ளிக்கிழமை பெற்றோரையும் வைச்சுக்கொண்டு முடிவெடுப்பம். அவையள் கேக்கிறது வேகம். நீங்களும் அதைத்தானே எழுதிக்கொண்டு வந்தனீங்கள்?”

உண்மைதான். வீட்டுக்கு வந்து ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தத் திட்டத்தைத் திறந்தேன். பக்கம் பக்கமாக வேகம். ஆரபி அதில் ஓடுவாள், கடைசிவரை ஓடுவாள், ஒரு நாளும் தடுக்கி விழ மாட்டாள். விழுந்து எழத் தெரியாமலே பெரியவளாகிவிடுவாள். மத்தியான வெளிச்சம் மங்கி, தண்ணீர் வெள்ளியாகி, ஏதோ ஒரு கப்பல் நகராமல் நின்றது. நான் முதல் பக்கத்திலிருந்து அழிக்கத் தொடங்கினேன். கணக்கில் முன்னால் போகிறவர்கள் போகட்டும். அது வாரத்தின் ஒரு பகுதி. மீதியில் ஒரு முழுப் பகல், ஆசிரியர் உட்பட யாருக்கும் விடை தெரியாத ஒரு கேள்விக்கு. ஆறும் ஏழும் எட்டும் கலந்து உட்காரட்டும்; பன்னிரண்டு வயதில் கூட்டாளி இல்லாமல் எந்தக் கெட்டிக்காரத்தனமும் ருசிக்காது. தரவரிசை கிடையாது. ‘எனக்கு முடியவில்லை’ என்று போய்ச் சொல்ல, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெரியவர். எழுதிவிட்டேன். ஆனால் அதை யார் ஏற்றுக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

இருட்டுவதற்கு முன் அழைப்புமணி அடித்தது. வாசலில் ஆரபி. பின்னால் கௌரி, முகம் இறுகி.

“நாளைக்குப் போயா,” என்றார் கௌரி. பௌர்ணமி விடுமுறையை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். “பள்ளிக்கூடம் இல்லை, மணி அடிக்காது, அப்ப காகம் வருமோ எண்டு நேற்றிலயிருந்து கேட்டுக்கொண்டு நிக்கிறா. சாப்பிடவும் இல்லை. ஒருக்காப் போய்ப் பார்த்திட்டு வருவம். அதோட இந்தக் கதை முடியட்டும்.”

யசோதா மிஸ் ரிஸ்வான் சேருக்குப் போன் பண்ணினார். “எங்கட வீட்டு மேல்மாடிக்கு வாங்க,” என்று பதில் வந்தது. “ஸ்கூல் மதில் நல்லாத் தெரியும்.”

போயா நாள் கொழும்பு வேறொரு நகரம். இறைச்சிக் கடைகள் மூடியிருந்தன. வெள்ளை உடுத்திய குடும்பங்கள் தாமரை மொட்டுகளோடு விகாரைக்கு நடந்தன. சத்தம் எல்லாம் எங்கேயோ மடித்து வைக்கப்பட்டதுபோல ஒரு அமைதி. கொட்டாஞ்சேனைத் தெருக்களில் எங்கள் ஆட்டோ ஒன்றுதான் ஓடியது என்று தோன்றியது.

ரிஸ்வான் சேரின் மனைவி வட்டிலப்பம் செய்து வைத்திருந்தார். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் ஏலக்காயுமாக, வாயில் வைத்ததும் கரைகிற இனிப்பு. “எடுங்க மிஸ், இன்னும் கொஞ்சம்,” என்று கிண்ணத்தை நகர்த்திக்கொண்டே இருந்தார். கௌரி தொடவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆரபி மாடிக் கைப்பிடியில் மோவாயை வைத்துக்கொண்டு மதிலையே பார்த்தாள்.

“வராது,” என்றாள். “அதுகள் எங்கட சத்தத்தை வைச்சுத்தான் வருது. இண்டைக்குச் சத்தமில்லை. அதால வராது.” முதல் தடவையாக அவள் ஒரு ஊகத்தைச் சொல்கிறாள். கைப்பிடியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

மதில் வெறுமையாகக் கிடந்தது. இடைவேளை நேரம் நெருங்கியது. ஆரபியின் முகத்தில் மெல்ல வெற்றி ஊறிக்கொண்டு வந்தது. அப்போது ஒரு காகம் வந்து மதிலில் உட்கார்ந்தது. தலையைச் சாய்த்து முற்றத்தைப் பார்த்தது. இன்னொன்று. பிறகு ஐந்தாறு சேர்ந்தாற்போல. ஆனால் அந்த ஐந்தாறும் மதிலுக்கு வரவில்லை. தெருவுக்குக் குறுக்கே போகும் மின்கம்பியில் அமர்ந்து, பள்ளிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மூலையில் இருந்த ரொட்டிக் கடையைப் பார்த்தன.

நான் காகத்தைப் பார்க்கவில்லை, பிள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அம்மா,” என்றாள் ஆரபி. குரல் கிறீச்சிட்டது. “நான் சொன்னது பிழை!”

திரும்பினாள். கண்ணெல்லாம் வெளிச்சம். “பிழை அம்மா! சத்தமில்லாமலும் வந்திருக்கு. ஆனா மதிலில ரெண்டுதான். மற்றதுகளுக்கு மட்டும் இண்டைக்கு லீவு எண்டு எப்பிடித் தெரிஞ்சது?”

கௌரி எழுந்து கைப்பிடிக்கு வந்தார். மகளின் முகத்தையே பார்த்தார். ‘பிழை’ என்ற சொல்லை அந்த வாயிலிருந்து, அதுவும் இப்படிச் சிரித்துக்கொண்டு, அவர் கேட்டதே இல்லை என்பது எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது. அவர் கம்பியின் ஓரத்தைக் காட்டி, “அந்தக் கரையில இருக்கிறதைப் பார், அது மட்டும் இஞ்சால திரும்பி இருக்கு,” என்றார். பிறகு தாயும் மகளும் தோளோடு தோள் உரச நின்று ஏதோ தர்க்கம் பண்ணத் தொடங்கினார்கள். ரிஸ்வான் சேர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்திவிட்டு, தேத்தண்ணி எடுக்க உள்ளே போனார்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் விசிறிகள் சுற்றும் சத்தமே பெரிதாக இருந்தது. நான் புதிய திட்டத்தைப் படித்தேன். ஒரு தகப்பன், இது ஓ-லெவலுக்கு உதவுமா என்று கேட்டார். இன்னொருவர், பக்கத்துப் பள்ளியில் இதற்குள் எத்தனை பாடம் முடித்துவிட்டார்கள் தெரியுமா என்றார். நியாயமான கேள்விகள். முடிந்தவரை பதில் சொன்னேன். அறையில் அது எடுபடவில்லை.

அதிபர் கௌரியின் பக்கம் திரும்பினார். “உங்கட பிள்ளைக்குத்தான் இதால பிரச்சினை வந்தது. நீங்கள் சொல்லுங்கோ. இந்த வகுப்பால ஆரபிக்கு என்ன பிரயோசனம்?”

எல்லாரும் கௌரியையே பார்த்தார்கள். செவ்வாய்க்கிழமை ஒழுங்கையில் என்னிடம் கேட்டதை இப்போது எல்லார் முன்னாலும் கேட்கப்போகிறார் என்று நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“தெரியாது, சேர்,” என்றார் கௌரி. “எனக்கு உண்மையாவே தெரியாது. ஆனா என்ர பிள்ளை நேற்றிலயிருந்து நல்லாச் சாப்பிடுறா, ராத்திரி நல்லா நித்திரை கொண்டா. ஒரு தவணை, மூண்டு மாசம், விட்டுப் பாப்பம்.”

அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு, வகுப்பு அட்டவணையைத் தன் பக்கம் இழுத்து, அந்த ஒரு முழுப் பகலுக்கு எந்த நாளை வெறுமையாக விடவேண்டும் என்று என்னிடம் கேட்டார்.